உப்பு ஏறின வீடு

ராத்திரி பத்தரை மணி. பொங்கலுக்கு இன்னும் நாலு நாள். தையல்காரி வீட்டில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று தைப்பவர்களுக்குத் தெரியும். ஹாலில் பதினேழு ஜாக்கெட், அதில் ஒன்பதுக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை. வாஷ் பேசினுக்குக் கீழே ஆங்கிள் காக் இரண்டு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான். எரிச்சலில் எழுந்துபோய், ஒரு திருகு இறுக்கினால் நின்றுவிடும் என்று திருகினேன். காக் கையோடு வந்துவிட்டது.

அரை இஞ்ச் ஓட்டையிலிருந்து தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடிக்கிறது. உள்ளங்கையால் பொத்தினால் விரல் இடுக்கில் பீறிட்டு முகத்தில் அடிக்கிறது. வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நைட் ஷிப்ட். பையன் சென்னையில் ஹாஸ்டலில். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அத்தை கட்டிலிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மூடுற வால்வு எங்கம்மா கீது?"

வேலூர் தொரப்பாடியில் இந்த வீட்டுக்கு நான் வாழ வந்து அப்போது பத்தொன்பது வருஷம். எந்தக் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணி, எதைத் திறந்தால் காவிரித் தண்ணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மூடுவது எங்கே என்று தெரியாது.

செல்போன் டார்ச்சோடு மாடிக்கு ஓடினேன். டேங்க் அடியில் ஒரு கேட் வால்வு இருந்தது. வீடு கட்டினபோது வைத்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. சக்கரம் அசையவில்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பலம் கொடுத்துத் திருப்பினேன். படக்கென்று ஒரு சத்தம், அப்புறம் சக்கரம் லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. அப்பாடா என்று நினைத்தேன். கீழிருந்து அத்தை, "இன்னும் வருதும்மா!" என்றார். உள்ளே தண்டு முறிந்திருக்கிறது, சக்கரம் மட்டும் என் கையில் ராட்டினம் மாதிரி சுற்றுகிறது.

கடைசியில் கைகொடுத்தது ஒட்டடைக் கம்பும் ஜாக்கெட் லைனிங் துணியும். லைனிங் துணியைக் கம்பு நுனியில் பந்தாகச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, டேங்க் மூடியைத் திறந்து, அடியில் தண்ணீர் வெளியே போகிற ஓட்டைப் பக்கம் கொண்டுபோனேன். கிட்டே போனதும் தண்ணீரே துணியை இழுத்துக்கொண்டது. முழுசாக நிற்கவில்லை, பீறிட்டது கசிவாக மாறியது. அது போதும், அடியில் ஒரு பக்கெட் வைத்துச் சமாளிக்கலாம். துணியைக் கம்போடு கட்டியது நல்லதாகப் போயிற்று. தனியாகப் போட்டிருந்தால் பைப்புக்குள் போய் மாட்டிக்கொண்டு அதற்கு வேறு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை வந்த பிளம்பர் தம்பி உடைந்த காக்கைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "யக்கா, இதுல பித்தளையே இல்லக்கா. வெறும் உப்புதான் காக்கு மாதிரி நின்னுக்கினு இருந்திருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஏழெட்டு வருஷமாக வீட்டில் குழாய் வேலை, கீசர் வேலை முக்கால்வாசி நானே செய்கிறேன். செய்து கற்றது கொஞ்சம், கெடுத்துக் கற்றது நிறைய.

வால்விலிருந்தே தொடங்குகிறேன். ராட்சச ரிப்பேர் எல்லாம் அப்புறம். உங்கள் வீட்டில் எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும் என்று இன்றைக்கே மூடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மாடியில் இப்போது எனக்கு நாலு வால்வு: சமையலறைக்கு, குளியலறைக்கு, கக்கூசுக்கு, தோட்டத்துக்கு. ஒவ்வொன்றிலும் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். பழைய கேட் வால்வை எடுத்துவிட்டு, கால் சுற்றில் மூடுகிற பால் வால்வு போட்டோம். கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டில் தடவியே தெரிந்துகொள்ளலாம். ஆனால் பால் வால்வையும் தொடாமல் விட்டால் நம் ஊர் உப்பு அதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் அமாவாசைக்கு அமாவாசை நாலையும் ஒரு தடவை மூடித் திறப்பேன். அத்தை வீடு கழுவுகிற நாள் அது, மறக்காது. இங்கிலீஷ் மாசக் கணக்கு வைத்தால் எனக்கு மறந்துபோகும்.

உப்பு என்று நாம் சொல்வது சாப்பாட்டு உப்பு இல்லை. பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும். தண்ணீரில் கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து கல்லாகப் படியும். இதை நான் முதலில் பார்த்தது குழாயில் இல்லை, என் ஸ்டீம் அயர்ன் பாக்ஸில். போர் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கருநீலப் பட்டு ஜாக்கெட்டில் அரிசி மாவு தெளித்த மாதிரி வெள்ளைப் பொட்டு. அந்தம்மாவிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குடிதண்ணீரில் மொத்தக் கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் தெரு போர் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தபோது 600-ஐத் தாண்டித்தான் இருந்தது. காவிரித் தண்ணி வருகிற நாள் குடிக்கவும் சமைக்கவும்தான் சரியாக இருக்கும். குளிக்க, துவைக்க, கீசருக்கு எல்லாம் போர்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் இரண்டு கரையும் புரண்டு ஓடினபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்கள் போரில் சோப்பு நன்றாக நுரைத்தது. அவ்வளவுதான், திரும்பப் பழையபடி.

பைப்பைச் சுற்றிக் காந்தம் கட்டினால் உப்பு போய்விடும் என்று ஒருவர் வந்து விற்றார். வாங்கினேன், கட்டினேன். குழாய் நுனியில் வெள்ளைப் பூ முன்பு பூத்த மாதிரியே பூத்தது. இப்போது அந்தக் காந்தம் என் மெஷின் மேல் குண்டூசிகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு நன்றாக உழைக்கிறது.

இனி கீசர். "வெயிலூரில் எதுக்கு வெந்நீர்" என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். மார்கழி விடியற்காலையில் எழுபத்திநாலு வயசு முட்டியோடு பச்சைத் தண்ணீரில் நின்று பார்த்தால் கேட்க மாட்டார்கள். முன்பு அத்தைக்குக் கொல்லையில் விறகடுப்பு, மேலே செப்புத் தவலை. அப்புறம் ஹீட்டர் ராடு. அந்த ராடு காலத்தை நினைத்தால் இப்போதும் பயம்தான். ஒரு நாள் பக்கெட் பக்கத்துத் தரை ஈரத்தில் கால் வைத்த அத்தை, "சுருக்குன்னுச்சு" என்றார். ராடு உறை விட்டுப்போயிருந்தது, அந்த பிளக் பாயின்ட்டில் எர்த்தும் இல்லை. ராடு வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று: பிளக்கைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று இருக்கக் கூடாது.

கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட். 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரி ஆக்க அதற்குக் கிட்டத்தட்ட இருபது நிமிஷம் போதும். செலவு ஒரு யூனிட்டில் முக்கால்கூட இல்லை. இது புதுக் கீசருக்கு. எங்களுடையது மூன்றாவது வருஷம் முக்கால் மணி எடுத்தது. உள்ளேயிருந்து, பொரி வறுக்கிற மாதிரி படபடவென்று சத்தம். சூடேறும் கம்பி மேல் சுண்ணாம்பு ஓடு கட்டி, அதற்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து வெடிக்கிற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் கீசரைத் திறக்க நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் தடவை சர்வீஸ்காரர் திறந்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இரண்டாவது தடவை நானே. எப்படி என்று சொல்கிறேன், அவசரப்படாமல் படியுங்கள், கரன்ட்டும் தண்ணீரும் ஒரே டப்பாவில் இருக்கிற சாமான் இது.

பிளக்கைப் பிடுங்க வேண்டும். நேராகப் பெட்டியில் ஒயர் இணைத்திருந்தால் மெயின் பெட்டியில் கீசருக்கான எம்சிபி ஸ்விட்சை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லியும் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அத்தையை மெயின் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவேன். யாரும் போய்ப் போட்டுவிட மாட்டார்கள். கீசர் ஆறின பிறகு, தண்ணீர் உள்ளே வருகிற காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். அதில் தண்ணீர் வடிந்துவிடும் என்று நான் முதலில் காத்துக்கொண்டிருந்தேன், ஒரு சொம்புகூட வரவில்லை. வெந்நீர் கீசரின் மேல்பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறது. வடிப்பது குளிர்ந்த தண்ணீர் நுழைகிற குழாய் வழியாகத்தான். அதன் நட்டைக் கழற்றி அடியில் பக்கெட் பிடித்தால், வெந்நீர்க் குழாய் வழியாகக் காற்று போய், 15 லிட்டரும் இறங்கிவிடும். கடைசியில் கோழி முட்டை ஓடு மாதிரித் தகடு தகடாகச் சுண்ணாம்பும் சேர்ந்து விழும். எனக்கு அரை முறம் விழுந்தது.

ஒயர்களைக் கழற்றுமுன் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அடியில் இருக்கும் வட்டத் தகட்டைக் கழற்றினால் சூடேறும் கம்பியான காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் செருகும் குழல், அனோடு கம்பி எல்லாம் ஒன்றாக வெளியே வரும். காயில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஊறுகாய்ச் சுண்டைக்காய் கோத்த மாதிரி இருந்தது. கத்தியால் சுரண்டப் போனேன், சர்வீஸ்காரர் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் உறை ஓட்டையாகிக் கரன்ட் கசியும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கால் கிலோ வாங்கி, இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒயர் முனைகள் நனையாமல் காயிலை மட்டும் தொங்கவிட்டேன். சோடா மாதிரி நுரைத்தது. ராத்திரி முழுக்க ஊறி, காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் செம்பு தெரிந்தது. கக்கூசுக்கு ஊற்றுகிற ஆசிட்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். சுண்ணாம்போடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும். அந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் ஊற்றினால் விஷ வாயு வரும். இது கீசர் விஷயம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன், பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா கக்கூஸ் கழுவப்போய் மூச்சு முட்டி வெளியே ஓடி வந்ததைப் பார்த்தவள் நான்.

அந்த அனோடு கம்பியைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. மெக்னீசியக் கம்பி. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்து டேங்க்கைக் காப்பாற்றுகிறது. புதிதில் சுண்டுவிரல் கனம். எங்களுடையதில் நடுவில் இருக்கிற ஊசிக் கம்பிதான் மிச்சம். நம் ஊர்த் தண்ணீருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மாற்றாமல் விட்டால் அதற்கப்புறம் அரிப்பது டேங்க்கைத்தான். டேங்க் ஓட்டையானால் ரிப்பேர் கிடையாது, வேறு கீசர்தான். தகட்டை மூடும்போது ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட வேண்டும். பழையதையே போட்டு மூடி மூன்று நாள் சொட்டைத் துடைத்தவள் சொல்கிறேன்.

மூடின பிறகு தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று புஸ்ஸென்று போய்த் தண்ணீர் கொட்டும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் கரன்ட். வெறும் டேங்க்கில் ஸ்விட்ச் போட்டால் சில நிமிஷத்தில் காயில் கருகிவிடும்.

இன்னொரு சங்கதி, இதில் நான் பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். கீசர் அடியில் ஒரு சின்ன வால்வு, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். கீசர் ஓடும்போதெல்லாம் அதில் சொட்டும். ரிப்பேர் என்று முடிவு கட்டி, அடைக்க ஒரு எண்ட் பிளக் வாங்க லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எந்தச் சாமானையும் "எதுக்கும்மா?" என்று கேட்காமல் எடுத்துத் தரமாட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் அவரிடம் போவது. சொன்னேன். பிளக்கை எடுத்த கையால் திரும்ப டப்பாவில் போட்டார்.

"அது கீசர் மூச்சு விடுற ஓட்டைம்மா. அத்த அடைச்சா இன்னா ஆவும்?"

தண்ணீர் சூடானால் பெருகும். 15 லிட்டர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 200 மில்லி கூடும், ஒரு டம்ளர். உள்ளே வருகிற வழியில் திரும்பிப் போகவிடாத வால்வு இருப்பதால் அந்த ஒரு டம்ளர் இந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தெர்மோஸ்டாட் கெட்டுத் தண்ணீர் கொதித்துக்கொண்டே போனாலும் அழுத்தம் வெளியேற இதுதான் வழி. அடைத்திருந்தால் குளியலறையில் குண்டு வைத்த மாதிரிதான். ஓடும்போது ஒரு டம்ளர் சொட்டினால் விடுங்கள். கீசரை அணைத்து நாள் முழுக்கச் சும்மா இருக்கும்போதும் சொட்டினால் வால்வு வாயில் உப்பு மாட்டியிருக்கிறது. அதன் சின்ன நெம்புகோலைத் தூக்கி இரண்டு தடவை தண்ணீர் விட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். வெந்நீராகத் தெறிக்கும், ஆறின பிறகு தூக்குங்கள்.

தெர்மோஸ்டாட்டை நான் 55-க்கு மேல் வைப்பதில்லை. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பும் வேகமாகப் படியும். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதில் என்ன லாபம்? மே மாசம் கதையே வேறு. கத்திரி வெயிலில் மாடி டேங்க் தண்ணீர் மத்தியானம் டீ போடலாம் போல வரும். அப்போது கீசரை அணைத்து, விடியற்காலையில் டேங்க் தண்ணீர் ஆறியிருக்கும்போது வெந்நீர்க் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு மூடுவேன். கீசரில் நிறைந்த குளிர்ந்த தண்ணீர் சாயங்காலம்வரை அப்படியே இருக்கும். கோடையில் எங்கள் வீட்டில் வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர். விருந்தாளிகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கரன்ட் பக்கத்தில் நான் கை வைக்காதது எர்த். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரிசெய்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டோம், கரன்ட் கசிந்தால் தானே விழுந்து அணைக்கிற பெட்டி அது. போட்ட மூன்றாம் மாசம் கீசர் ஸ்விட்ச் போட்டதும் வீடே இருட்டானது. வீட்டுக்காரர், "அந்தப் பொட்டி சரியில்ல, எடுத்துடலாம்" என்றார். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கிவிட்டேன், நின்றது. மிக்ஸி, அயர்ன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடியது. கீசரைப் போட்டால் மட்டும் விழுந்தது. காயில் உறையில் மயிரிழை விரிசல். பெட்டி நல்ல பெட்டி, அத்தையைக் காப்பாற்றின பெட்டி. அதில் டி என்று ஒரு பொத்தான் இருக்கும், மாசம் ஒருமுறை அழுத்தினால் கீழே விழ வேண்டும். விழாவிட்டால்தான் மாற்ற வேண்டும். எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுகிறேன். நம் மண் சித்திரையில் ஓடாகக் காய்ந்துவிடும், காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது.

குழாய் வேலைக்கு வருகிறேன். டெஃப்ளான் டேப் சுற்றுவது எனக்குச் சீக்கிரம் வந்தது, பாபினில் நூல் சுற்றுகிற கைதானே. மரை முனை உங்களைப் பார்த்தமாதிரி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகிற திசையில் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையை விட்டு இரண்டாவதில் ஆரம்பித்து, இழுத்துப் பிடித்து, மரை தெரிகிற மாதிரி படிய, எட்டுப் பத்து சுற்று. தளர்வாக முப்பது சுற்று சுற்றினாலும் சொட்டும். பிளாஸ்டிக் ஃபிட்டிங்கில் நிறையச் சுற்றி ஸ்பேனரால் வலுவாக இறுக்கினால் அன்றைக்குச் சொட்டாது, ஒரு வாரம் கழித்து நடு ராத்திரியில் விரியும். குழாய் மாட்டுகிற இடத்தில் உள்ளே பித்தளை மரை வைத்த ஃபிட்டிங்கே வாங்குங்கள். விலை கொஞ்சம் அதிகம்தான், சுவரை உடைத்துப் பூசுவதைவிடக் குறைவு.

சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. குளியலறையைப் புதுப்பித்தபோது ஒருவர் வந்து கீசரிலிருந்து ஷவருக்கு வெள்ளை யுபிவிசி பைப்பே போட்டுவிட்டார். கையிருப்பில் இருந்ததாம். முதல் மார்கழியிலேயே பைப் வெந்த சேமியா மாதிரித் தொய்ந்து, மூட்டுகளில் ஒழுக ஆரம்பித்தது. வெந்நீருக்குச் சிபிவிசிதான், சந்தன நிறத்தில் இருக்கும். சுவருக்குள் போகுமுன் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். பூசின பிறகு எல்லாம் ஒரே நிறம். மாடியில் வெயில் படுகிற பைப்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டேன். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் அப்பளமாகிவிடும், கால் பட்டால் உடையும்.

குழாயில் தண்ணீர் மெல்லிசாக வந்தால் மோட்டாரைத் திட்டாதீர்கள். குழாய் வாயில் வலை வைத்த மூடி இருக்கும், கையால் திருகிக் கழற்றி எலுமிச்சை உப்புத் தண்ணீரில் அரை மணி போட்டால் போதும். ஷவருக்கும் அதே வைத்தியம், ஒரு பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ஷவர் தலையில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு ஜாக்கெட் தைக்கப் போய்விடுவேன். ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க, டேங்க்கில் நாலு சொட்டு, துணிக்குப் போடும் சொட்டு நீலம். அரை மணி நேரம் யாரும் போகக் கூடாது. கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் போய்விட்டது. கால் சுற்றில் திறக்கிற ஃபேன்சி குழாய்களுக்குள் செராமிக் தட்டு இருக்கிறது. போர் தண்ணீரில் வருகிற மணல் அதைக் கீறிவிடும். துணி துவைக்கிற இடத்துக்கும் தோட்டத்துக்கும் நான் பழைய வாஷர் குழாயேதான் போட்டிருக்கிறேன். பார்க்க லட்சணமாக இல்லை என்று பையன் சொல்கிறான். வாஷர் மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகாது, அது அவனுக்குத் தெரியாது.

இப்போது கையில் இருக்கிற தலைவலியைச் சொல்லி முடிக்கிறேன். போன மாசம் குளியலறைக்கு வெளிப்புறம், ஹால் சுவரில், தரையிலிருந்து முழம் உயரத்தில் ஒரு ஈரத் திட்டு. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மழைத் தண்ணி என்றார் வீட்டுக்காரர். டைல்ஸ் இடுக்கு என்றான் பிளம்பர் தம்பி. நான் தையல் சாக்பீஸை எடுத்து ஈரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். நாலு நாள் கழித்து ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தது, இன்னொரு கோடு. மழை இல்லை. இரண்டு நாள் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்காமல் பின்பக்கம் குளித்தோம், அப்போதும் ஏறியது. அப்படியானால் கழிவுத் தண்ணீர் இல்லை, டைல்ஸும் இல்லை. எப்போதும் அழுத்தத்தில் நிற்கிற பைப்தான்.

ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, டேங்க்குக்குள் ஒரு குச்சியை நிறுத்தித் தண்ணீர் மட்டத்தில் டேப் ஒட்டினேன். காலையில் மட்டம் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. மறுநாள் ராத்திரி குளியலறை வால்வை மட்டும் மூடினேன். மட்டம் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் அந்த வால்வைத் திறந்துவிட்டு, கீசருக்குப் போகிற காக்கை மட்டும் மூடினேன். திரும்பவும் இறங்கியது. ஆக, வெந்நீர் பைப் இல்லை, பச்சைத் தண்ணீர் பைப். சுவருக்குள் இன்னும் பழைய ஜிஐ இரும்பு பைப் ஓடுகிற இடம் அது ஒன்றுதான்.

பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டு மூன்று சாக்பீஸ் கோட்டையும் காட்டினேன். குந்தி உட்கார்ந்து விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். "யக்கா, ஞாயித்துக்கெழம வரேன். நடு வட்டத்துல ஒடச்சா போதும்." அதுவரை குளியலறை வால்வு மூடியே இருக்கிறது, தேவைப்படும்போது மட்டும் மாடிக்குப் போய்த் திறக்கிறேன். இன்று வியாழன். அத்தை காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கோட்டுக்குள்ளதான் கீது" என்றார்.